பள்ளி நூலகத்துக்கு ஓர் ஆள் வேண்டும்

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் ஒரு வேளாண் குடும்பத்தில் பிறந்து, எளிமைக்கும் கண்டிப்புக்கும் பெயர்பெற்று, 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாண ஆட்சியின் தலைமைப் பொறுப்பை வகித்த ஓ.பி. ராமசாமி ரெட்டியாரைப் பற்றிப் பேசுகிறவர்கள், ஆலயப் பிரவேசத்துக்கு வழிசெய்த சட்டத்தையும் தேவதாசி முறையை ஒழித்த சட்டத்தையும் தவறாமல் குறிப்பிடுவார்கள். அதே ஆட்சியில், கல்வி மந்திரி தி.சு. அவினாசிலிங்கம் செட்டியாரின் முயற்சியினாலும், சீர்காழியில் பிறந்து இந்திய நூலகவியலின் தந்தையென்று போற்றப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் இடைவிடாது வற்புறுத்திவந்த கொள்கையின் பயனாகவும் நிறைவேறிய 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தை நினைவுகூருகிறவர்கள் சொற்பம். சுதந்திர இந்தியாவில் முதன்முதலாக இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டம் அதுவே. இன்றைக்கும் விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஒருவர் தம் வீட்டுக்குச் சொத்து வரி செலுத்தும்போது, ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் நூலக வரியும் சேர்த்தே செலுத்துகிறார். நூலகத்துக்கென்று வரி கொடுப்பது குடிமக்களின் கடமை, அந்த வரியைக் கொண்டு ஊர்தோறும் நூலகம் நடத்துவது அரசின் கடமை என்ற சித்தாந்தத்தை நாட்டுக்கு முதலில் ஏற்றுக் காட்டிய ஆட்சிக்குத் தலைவரை அளித்த பூமி இது.

ஆனால் அந்தச் சட்டம் ஊர்ப் பொதுமக்களின் நூலகத்தைப் பற்றியது. காலை ஒன்பதரை மணிக்கு வகுப்பில் வந்து உட்கார்ந்து, மாலை மணியடித்த பிறகு வீடு திரும்பி, அங்கே ஆட்டைக் கட்டவும் தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் கடமைப்பட்டிருக்கிற ஒரு குழந்தைக்கு, ஊர் நூலகம் எத்தனை அருகில் இருந்தாலும் எட்டாத தொலைவிலேயே இருக்கிறது. அக்குழந்தைக்கு வாய்க்கக்கூடிய ஒரே நூலகம் பள்ளியின் நூலகந்தான். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இதை உணர்ந்தே இயற்றப்பட்டது. ஒவ்வொரு பள்ளியிலும் செய்தித்தாள்களும் சஞ்சிகைகளும் கதைப் புத்தகங்கள் உள்ளிட்ட எல்லாப் பாடங்களுக்குரிய நூல்களும் கொண்ட ஒரு நூலகம் இருக்க வேண்டும் என்று அதன் அட்டவணை விதிக்கிறது. அதே அட்டவணை, ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் நூறு குழந்தைகளுக்கு மேற்பட்டால் ஓவியத்துக்கும் உடற்கல்விக்கும் கைத்தொழிலுக்கும் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும் என்றும் சொல்கிறது. நூலகம் இருக்க வேண்டும் என்று விதித்த சட்டம், அந்த நூலகத்தில் யார் இருக்க வேண்டும் என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இந்த ஒரு மௌனத்தினால் விளைந்த கேடு, புத்தகப் பற்றாக்குறையினால் விளைந்த கேட்டைவிடப் பெரிது என்பது என் திடமான அபிப்பிராயம்.

பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் நூலகம் என்றால் என்ன என்பதை, அங்கே வேலை பார்க்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தலைமையாசிரியர் அறையின் ஓரத்திலோ, ஆய்வகத்தை ஒட்டிய சிறிய அறையிலோ, சாம்பல் நிற இரும்பு பீரோ இரண்டு நிற்கும். சாவி ஒரு பொறுப்பாசிரியரிடம் இருக்கும்; அவர் பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுப்பவராகவோ, தமிழாசிரியராகவோ இருப்பார். திண்டிவனம் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் அத்தகைய பீரோவைத் திறக்கச் சொல்லிப் பார்த்தபோது, மேல் தட்டில் ஒரே நூலின் பதினைந்து இருபது பிரதிகள் கட்டவிழ்க்கப்படாத சணல் கயிற்றோடும், நடுத் தட்டில் போட்டித் தேர்வு வழிகாட்டிகளும், அடித் தட்டில் இராமபாணப் பூச்சி அரித்து மாவாக்கிய பழைய கதைப் புத்தகங்களும் இருந்தன. இருப்புப் பதிவேடு மட்டும் ஒரு தூசியும் இல்லாமல், காக்கி உறையிட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் தலைமையாசிரியரின் சுருக்கொப்பத்துடன், அப்பழுக்கற்று இருந்தது. வழங்கல் பதிவேட்டில் கடைசியாக எழுதியிருந்த பெயர்கள் அனைத்தும் ஆசிரியர்களுடையவை. அந்தப் பள்ளியின் பொறுப்பாசிரியை சோம்பேறியல்லர். வாரத்துக்கு முப்பதுக்கும் குறையாத பாடவேளைகள், பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டிய புள்ளிவிவரங்கள், உதவித்தொகைப் படிவங்கள், தேர்தல் காலத்தில் வாக்குச்சாவடி வேலை ஆகிய அத்தனையும் முடித்த பிறகு, மிச்சமிருக்கிற நேரத்தில்தான் அவர் நூலகர். மிச்சமோ ஒருநாளும் இருப்பதில்லை.

பீரோ பூட்டியிருப்பதற்கு நேரமின்மை ஒரு காரணம்; அச்சம் மற்றொரு காரணம். பதிவேட்டில் உள்ள புத்தகம் தட்டில் இல்லையென்றால், தணிக்கையின்போது அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் பொறுப்பாசிரியர். சில சந்தர்ப்பங்களில் விலையையும் தம் கையிலிருந்து கட்ட வேண்டியவர் அவரே. படிக்கக் கொடுத்தால் புத்தகம் கிழியும், தொலையும், மழையில் நனையும். கொடுக்காவிட்டால் ஒன்றும் நேராது. ஒருவரை இப்படிப்பட்ட நிலையில் நிறுத்திவைத்துவிட்டு, குழந்தைகளிடையே வாசிப்புப் பழக்கம் குன்றிவிட்டது என்று நாம் மேடைகளில் வருந்துகிறோம். மத்திய அரசின் பொது நிதி விதிகள் இவ்விஷயத்தில் நியாயமாகச் சிந்தித்திருக்கின்றன. ஓராண்டில் வழங்கப்பட்டும் வாசிக்கப்பட்டும் வந்த நூல்களில் ஆயிரத்துக்கு ஐந்து வரை காணாமற்போவது, நாணயக் குறைவாலோ அசிரத்தையாலோ நேர்ந்ததல்லவெனில், இயல்பான இழப்பாகவே கொள்ளத்தக்கது என்று அவை கூறுகின்றன. எந்த நூலகத்தில் ஒரு புத்தகமும் தொலைவதில்லையோ அந்த நூலகத்தில் ஒரு புத்தகமும் வாசிக்கப்படுவதில்லை என்பதை இவ்வளவு தெளிவாக உணர்ந்த ஒரு விதி, எண்ணிக்கையிலும் மதிப்பிலும் மத்திய அரசு நூலகங்களைவிட மிகக் குறைந்த நூல்களைக் கையாளும் பள்ளி ஆசிரியருக்கும் எழுத்துமூலம் பொருந்தும்படி மாநில அரசு ஓர் ஆணை பிறப்பித்தால், ஒரு காசு செலவில்லாமல் ஆயிரக்கணக்கான பீரோக்கள் திறந்துவிடும்.

இந்த நிலைமை நேற்று முளைத்ததன்று. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்து 1953-இல் அறிக்கை அளித்த இடைநிலைக் கல்விக் குழு, நம் பள்ளி நூலகங்களைப் பற்றி எழுதிய பகுதியை இன்று படித்தாலும் நேற்று எழுதியதுபோல் இருக்கும். மாணவரின் ருசி அறியாமல் வாங்கிய பழம் புத்தகங்கள், கவர்ச்சியற்ற அறை, பகுதிநேரமாக அதைக் கவனிக்கும் ஒரு குமாஸ்தா அல்லது ஆர்வமில்லாத ஓர் ஆசிரியர் என்று நிலையைக் கூசாமல் சித்திரித்த அக்குழு, பயிற்சி பெற்ற முழுநேர நூலகர் வேண்டும் என்றும், ஊதியத்திலும் அந்தஸ்திலும் அவர் மூத்த ஆசிரியருக்குச் சமமாக இருக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அதற்கும் முன்னரே, 1942-இல், பள்ளி கல்லூரி நூலகங்களுக்கென்றே ரங்கநாதன் ஒரு தனி நூல் எழுதியிருந்தார். கணிதப் பேராசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக வந்த அவர், 1929-இலேயே நூலகப் பயிற்சி வகுப்பைச் சென்னையில் தொடங்கிவிட்டார். ஆகவே, என்ன செய்ய வேண்டும் என்பதும், யாரைக் கொண்டு செய்ய வேண்டும் என்பதும், அவர்களைப் பயிற்றுவது எப்படி என்பதும் இந்த மாநிலத்துக்கு முக்கால் நூற்றாண்டாகத் தெரிந்த விஷயங்கள்.

ஆள் வேண்டும் என்பதை அரசு மற்ற இடங்களில் உணர்ந்தே இருக்கிறது; மதிய உணவை எடுத்துக்கொள்வோம். 1982-இல் சத்துணவுத் திட்டம் தொடங்கப்பட்டபோது, அரிசியையும் பருப்பையும் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஓய்வு நேரத்தில் யாராவது ஓர் ஆசிரியர் சமைத்துப் போடட்டும் என்று அரசு சொல்லவில்லை. ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர் என்று மையத்துக்கு மூன்று பேரை நியமித்தது. அதனால்தான் மரக்காணத்து உப்பளத் தொழிலாளியின் மகனுக்கும் செஞ்சி மலையடிவாரத்து ஆடு மேய்ப்பவரின் மகளுக்கும் அன்றாடம் சோறு கிடைக்கிறது. ஆய்வகத்துக்கும் அவ்வாறே, 2015-இல் 4,362 ஆய்வக உதவியாளர் பணியிடங்களுக்கு இம்மாநிலம் தேர்வு நடத்தியது. 2012-இல் உடற்கல்வி, ஓவியம், இசை, தையல், கணினி முதலியவற்றுக்காகப் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் பணிக்கு வந்தார்கள். அவர்களுடைய ஊதியமும் நிரந்தரமும் இன்றுவரை தீராத பிரச்சினையாக இருப்பினும், அந்தப் பாடங்களுக்கு ஆள் வேண்டும் என்பதையாவது அரசு ஒப்புக்கொண்டது. சோற்றுக்கு ஆள் உண்டு, சோதனைக் குழாய்க்கு ஆள் உண்டு, பந்துக்கு ஆள் உண்டு. புத்தகத்துக்கு மட்டும் ஆள் தேவையில்லை, அது தானே எழுந்து குழந்தையின் கைக்கு வந்துவிடும் என்று எந்த அனுபவத்தைக் கொண்டு முடிவு செய்தோம்?

நூலகர் ஒருவர் இருந்தால் என்ன செய்வார் என்பதைச் சற்று நின்று நினைத்துப் பார்க்க வேண்டும். ஏனெனில் புத்தகத்தை எடுத்துக் கொடுப்பதும் வாங்கி வைப்பதுமே அவர் வேலையென்று எண்ணுகிறவர்கள் படித்தவர்களிலும் பலர். விழுப்புரம் மாவட்டத்தில் எழுத்தறிவு 2011 கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 72 விழுக்காடு. மாநிலத்தின் சராசரியோ 80. இங்கே வகுப்பில் உட்கார்ந்திருக்கிற குழந்தைகளில் கணிசமானவர்கள் வீட்டில் ஓர் அச்சிட்ட நூலையும் பார்க்காமல் வளர்ந்தவர்கள். கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் பெற்றோரோடு பாதியாண்டு வெளியூர் சென்று திரும்புகிறவர்களும், இருளர் குடியிருப்பிலிருந்து முதன்முதலாகப் பள்ளிப்படி ஏறியவர்களும் அவர்களில் உண்டு. அத்தகைய ஒரு சிறுமி ஏழாம் வகுப்பில் இருக்கிறாள். எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வருகிறது. நான்காம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் தோழிகள் முன் வெட்கப்படுகிறாள். ஏழாம் வகுப்புக்குரியதைக் கொடுத்தால் இரண்டாம் வரியில் மூடிவிடுகிறாள். அவள் வயதுக்குரிய விஷயமும் அவள் வாசிப்புக்குரிய நடையும் சேர்ந்த நூல் எது என்று அறிந்திருப்பது ஒரு வித்தை. அதைச் சாதாரணமாகப் பேச்சுக்கொடுத்துக்கொண்டே மேசைமேல் வைப்பது அதைவிடப் பெரிய வித்தை. அந்த நூலை முடித்துவிட்டு அவள் வரும்போது, அடுத்தது என்ன என்பதை எண்ணி வைத்திருப்பது மூன்றாவது. ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகன் என்னும் பொருளில் ரங்கநாதன் 1931-இல் வகுத்த விதிகள் இந்த நுட்பமான வேலையைக் குறித்தவையே. நாற்பது பேர் கொண்ட வகுப்பை வைத்துப் பாடத்திட்டத்தை முடிக்க ஓடிக்கொண்டிருக்கும் ஆசிரியர், எத்தனை உத்தமராயினும், இதைச் செய்ய இயலாது.

அரசின் அண்மைக்கால முயற்சிகளைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. கொரோனாவுக்குப் பின் குழந்தைகளின் கற்றல் இடைவெளியை நிரப்ப 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கப்பட்டது இதே மாவட்டத்தில், மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில். ஊஞ்சல், தேன்சிட்டு என்று சிறுவர்களுக்கென்றே இதழ்கள் வருகின்றன. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்து அழகான படங்களோடு அச்சாகின்றன. 2022 முதல் மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. பள்ளியின் நிலைக்கேற்ப ஐயாயிரம் ரூபாய் முதல் இருபதாயிரம் ரூபாய் வரை நூலக மானியம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வழியே வருகிறது. இவையெல்லாம் நல்லவையே. ஆனால் கப்பல் கப்பலாகச் சரக்கு வந்தும் இறக்கி வைப்பார் இல்லாத துறைமுகத்தைப் போல, இந்த நூல்களும் இதழ்களும் மானியமும் வந்து சேரும் இடத்தில் அவற்றை ஏற்று, வகைப்படுத்தி, இந்தப் பிள்ளைக்கு இது என்று பிரித்துக் கொடுக்க ஓர் ஆளில்லை.

ஆள் இல்லாத நூலகத்தின் கதி என்னவென்று அறியக் கிராமத்தை விட்டு வேறெங்கும் தேட வேண்டாம். 2006-இல் அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் தொடங்கியபோது ஊராட்சிகளில் நூலகக் கட்டடங்கள் எழுந்தன, புத்தகங்கள் வந்தன, சொற்பத் தொகைக்கு யாரோ ஒருவர் மாலையில் திறந்து மூட ஏற்பாடாயிற்று. அந்தச் சொற்பத் தொகையும் ஒழுங்காகக் கிடைக்காத இடங்களில் திறப்பது நின்றது. பிறகு கூரை ஒழுகியது. பிறகு கட்டடம் வேறு சாமான்கள் வைக்கும் இடமாயிற்று. கட்டடமும் புத்தகமும் ஒருமுறைச் செலவாகையால் அவற்றைத் தாராளமாகக் கொடுத்துவிடுகிறோம். ஊதியம் மாதாமாதம் வருவதாகையால் அதை ஒதுக்கிவிடுகிறோம். ஒதுக்கிய அந்த ஊதியத்தோடு, கொடுத்த கட்டடமும் புத்தகமும் சேர்ந்தே வீணாகின்றன.

ஆளுக்கு நிலையான வருவாய் ஒதுக்கியதற்கு இங்கேயே பழைய சான்று உண்டு. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட வட்டாரத்தில் எண்ணாயிரம் என்றோர் ஊர் உண்டு. முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று அங்கே நடந்த கல்விச்சாலையைப் பற்றிப் பேசுகிறது. இளைய மாணவர் 270 பேர், மூத்த மாணவர் 70 பேர், ஆசிரியர் 14 பேர். ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் எவ்வளவு நெல், அதற்கு ஆதாரமாக எவ்வளவு நிலம் என்பதெல்லாம் அதில் கணக்காகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சாலை ஒரு சாராருக்கு மட்டும் திறந்திருந்த ஒன்று. அந்தக் குறையை மறைத்துப் பெருமை பேசுவது சத்தியமாகாது. ஆயினும், கல்வி ஸ்தாபனம் ஒன்று நடக்க வேண்டுமானால் இத்தனை பேருக்கு இத்தனை பேர் என்னும் பிரமாணம் வேண்டும், அந்தப் பிரமாணத்துக்கு நிலையான வருவாய் வேண்டும், அது யாரும் மாற்ற முடியாதபடி எழுத்தில் இருக்க வேண்டும் என்ற தெளிவு அந்தக் கல்லில் இருக்கிறது. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் அருகில் மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் மடம் இன்றும் உள்ளது; அன்னதானம், அபயதானம், மருந்து தானம் என்பவற்றோடு சாத்திர தானத்தையும் சேர்த்து நான்காக எண்ணியவர்கள் அவர்கள். நூல் கொடுப்பதைச் சோறு கொடுப்பதற்கு நிகராக வைத்த மரபு, இந்த மண்ணுக்கு வெளியிலிருந்து வர வேண்டியதில்லை.

பணத்துக்கு எங்கே போவது என்பது முதல் ஆட்சேபணை. எல்லாப் பள்ளிக்கும் ஒரே நாளில் நூலகர் வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. மேல்நிலைப் பள்ளிக்கு முழுநேர நூலகர் ஒருவர். உயர்நிலைப் பள்ளி இரண்டுக்கு ஒருவர். தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்குக் பக்கத்துப் பள்ளிகளை ஒன்றுசேர்த்த குறுவள மையம் ஒன்றுக்கு ஒருவர், கிழமை வைத்துப் பள்ளி பள்ளியாகச் செல்பவர் என்று தொடங்கலாம். 1931-இலேயே மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டு வண்டியில் நூலகத்தை ஏற்றி ஊர் ஊராக ஓட்டியவர்கள் நாம். பொது நூலகத் துறையும் பள்ளிகளும் ஒரே பள்ளிக் கல்வித் துறையின் கீழ்தான் இயங்குகின்றன. ஊரார் கட்டிய நூலக வரியால் நடக்கும் கிளை நூலகங்கள், பக்கத்துப் பள்ளிக்குப் பருவத்துக்கு ஒருமுறை நூறு நூல்களை மாற்றி மாற்றி அனுப்பினால், பள்ளியின் சிறு தொகுப்பு எப்போதும் புதிதாக இருக்கும். கைப்பேசி வந்துவிட்ட காலத்தில் நூலகம் எதற்கு என்பது இரண்டாவது ஆட்சேபணை. அதைச் சொல்பவர்களின் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் கட்டணப் பள்ளிகளில் நூலகமும் நூலகரும் இருப்பதே அதற்குப் பதில். கேந்திரிய வித்தியாலயங்களில் நூலகர் என்பது முறையான பணியிடம். நூலகவியலில் பட்டமோ பட்டயமோ பெற்றவர்தான் அதில் அமர முடியும். திண்டிவனத்திலிருந்து ஒருமணி நேரப் பயணத்தில், புதுச்சேரியில், மத்திய அரசு ஊழியரின் பிள்ளைக்குக் கிடைப்பது, இங்கே விவசாயக் கூலியின் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை.

நூலகரால் படிப்பு உயரும் என்பதற்கு அத்தாட்சி உண்டா என்று கேட்பவர்களுக்கும் விடையுண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கீத் கரி லேன்ஸ் குழுவினர் செய்து 1993-இல் வெளியான ஆய்வு, வறுமை முதலிய சமூகக் காரணங்களைக் கணக்கில் கொண்டு பார்த்த பிறகும், பள்ளி நூலகத்தில் ஆளும் நூலும் போதிய அளவில் உள்ள இடங்களில் வாசிப்புத் தேர்ச்சி உயர்ந்திருப்பதைக் காட்டியது. அவ்வளவு தூரம் போக மனமில்லாதவர்கள் இலங்கையைப் பார்க்கலாம்: பள்ளிகளின் ஆசிரிய நூலகர்களைப் பயிற்றுவதையும் முக்கிய நோக்கமாகக் கொண்டு கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1999-இல் ஒரு தேசிய நிறுவனமே நிறுவப்பட்டது. நமக்கோ, பக்கத்திலே சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொலைநிலை வழியாகவும் நூலகவியல் கற்பித்து அனுப்பிய பட்டதாரிகள் மாவட்டந்தோறும் இருக்கிறார்கள். பலர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டு, துணிக்கடைக் கணக்கெழுதிக்கொண்டும் தனியார் பள்ளியில் சொற்ப ஊதியத்துக்கு வேலை பார்த்துக்கொண்டும் காலம் கழிக்கிறார்கள்.

ஆண்டுதோறும் ஆகஸ்டு முதல் தேதி நிலவரப்படி மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு பள்ளிகளில் பணியிட நிர்ணயம் செய்கிறார்கள். முதுகலை ஆசிரியர், பட்டதாரி ஆசிரியர், இடைநிலை ஆசிரியர், உடற்கல்வி ஆசிரியர் என்று பணியிடங்களை வகைப்படுத்தி, எந்தப் பள்ளியில் எத்தனை உபரி, எத்தனை தேவை என்று பார்க்கப்படுகிறது. அந்தக் கணக்கில் நூலகர் என்று ஒரு வரிசையைச் சேர்க்கச் சட்டமன்றத்தில் புதுச் சட்டம் வர வேண்டியதில்லை. நிதித் துறையின் இசைவோடு ஓர் அரசாணை போதும். விழுப்புரம், திண்டிவனம் கல்வி மாவட்டங்களின் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் அதை முதலில் தொடங்கலாம். இவ்விரண்டு கல்வி மாவட்டங்களிலும் உள்ள பள்ளி மேலாண்மைக் குழுக்களின் அடுத்த கூட்டத்தில், கழிப்பறைக் குழாய்க்கும் சுற்றுச்சுவருக்கும் தீர்மானம் எழுதும் அதே ஏட்டில், எங்கள் பள்ளிக்கு நூலகர் பணியிடம் வேண்டும் என்று பெற்றோர்கள் ஒரு தீர்மானம் எழுதிக் கையொப்பமிட்டு, முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்பிவைக்கட்டும்.